சிவப்புத் தகர டப்பாவும் பக்கத்து அறையின் மணமும்: பழைய பைப் புகையிலை மீதான ஏக்கத்தின் பின்னணி

அமெரிக்காவில் பழம்பொருள் விற்கும் கடைகளில் இன்றும் எளிதாகக் கண்ணில் படும் பொருள்களுள் ஒன்று, பிரின்ஸ் ஆல்பர்ட் என்னும் பைப் புகையிலையின் சிவப்புத் தகர டப்பா. சட்டைப் பையில் அடங்குமாறு தட்டையாகச் செய்யப்பட்ட அதன் முகப்பில், நீண்ட கறுப்புக் கோட்டு அணிந்து கைத்தடியுடன் தாடி வைத்த கனவான் ஒருவர் நிற்கிறார். 1901இல் ஏழாம் எட்வர்ட் என்ற பெயரில் பிரிட்டனின் அரியணை ஏறியவரும், அதற்கு முன்பு ஆல்பர்ட் எட்வர்ட் என்று அறியப்பட்டவருமான இளவரசரின் உருவம் அது. வட கரோலினாவின் வின்ஸ்டன் நகரைச் சேர்ந்த ஆர். ஜே. ரெய்னால்ட்ஸ் நிறுவனம் 1907இல் இந்தப் புகையிலையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த டப்பாக்களை வாங்கிச் சேர்ப்பவர்களில் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பைப் பிடிக்காதவர்கள் ஏராளம். காலி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தாத்தாவின் நாற்காலியை நினைத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். புகைக்காதவர்களுக்கும் புகையிலையின் மீது இத்தகைய ஏக்கம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு, விளம்பரத்தின் வரலாறும் இலையின் வரலாறும் சேர்ந்துதான் விடை சொல்ல முடியும்.

தமிழில் பைப்புக்குச் சுங்கான் என்ற சொல் உண்டு என்றாலும், நம் ஊர்களில் புழங்கியவை பெரும்பாலும் சுருட்டும் பீடியும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும்தான். பைப் என்பது தோட்டத்துத் துரை, வெள்ளைக்கார அதிகாரி, படம் போட்ட பத்திரிகை ஆகியவற்றின் வழியாகவே நம்மிடம் வந்தது. ஆகவே நமக்கு அது முதன்மையாக ஒரு தோற்றம். அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் அது முதன்மையாக ஒரு மணம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் அவர்களுடைய ஏக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

பைப் பிடிப்பவருக்குக் கிடைக்கும் சுவையும், அதே அறையில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கை எட்டும் மணமும் ஒன்றல்ல. பிடிப்பவருக்கு அது காரமாகவும் கசப்பாகவும், சில சமயம் நாக்கைச் சுடுவதாகவும் இருக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கோ சாக்லேட், வெண்ணிலா, காய்ந்த பழம், எரியும் விறகு என்று ஏதேதோ தோன்றும். பைப் பிரியர்கள் இந்த இரண்டாவது மணத்துக்கு ரூம் நோட் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நினைவில் தங்குவது பெரும்பாலும் இதுவே. சிறு வயதில் தாத்தாவின் அருகில் இருந்த பேரப் பிள்ளைகள் சுமந்து திரிவது தாத்தா அனுபவித்த சுவையை அல்ல. அவர் அனுபவிக்கவே இல்லாத, அவரைச் சுற்றிப் பரவிய மணத்தை. அந்த மணத்தைத் தேடிப் பின்னாளில் அதே புகையிலையை வாங்கிப் பற்றவைக்கும் பேரன் ஏமாந்துபோவதற்கும் இதுதான் காரணம். அவன் இப்போது இருப்பது தாத்தாவின் நாற்காலியில். மணம் இருந்ததோ எதிர் நாற்காலியில்.

அந்த மணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் இலையின் கதையைச் சொல்ல வேண்டும். 1864இல் ஒஹாயோ மாநிலத்தின் பிரவுன் மாவட்டத்தில், கென்டக்கியிலிருந்து வந்த விதையில் முளைத்த சில நாற்றுகள் வழக்கத்துக்கு மாறாக வெளிறியிருந்தன. வெள்ளை பர்லி எனப்படும் வகை அங்கிருந்துதான் பரவியது. காற்றாட உலர்த்தப்படும் இந்த இலையில் சர்க்கரை ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ஆனால் வெளியிலிருந்து ஊற்றும் எந்தச் சாற்றையும் இது பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துக் கோடாப் புகையிலையை அறிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. இனிப்பும் மணமும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை இலைக்கு ஊட்டிப் பதமாக்கும் அதே உத்திதான் அங்கும் நடந்தது. அவர்களுடைய கோடாவில் வெல்லப்பாகு, அதிமதுரம், கோகோ, ரம் போன்றவை இருந்தன. பிரின்ஸ் ஆல்பர்ட் உள்ளிட்ட அமெரிக்கப் பைப் புகையிலைகளில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் இந்தப் பர்லியே. வெண்ணிலாவைப் போல மணக்கும் டோங்கா விதையும் பல கலவைகளில் சேர்க்கப்பட்டது. அதிலுள்ள கூமரின் என்னும் பொருளை 1954இல் அமெரிக்க அரசு உணவுப் பொருள்களில் தடை செய்தது.

விளம்பரக்காரர்கள் முதலில் விற்க முயன்றது இந்த மணத்தை அல்ல. பிரின்ஸ் ஆல்பர்ட்டின் தொடக்கக்கால விளம்பரங்கள் பேசியது வலியைப் பற்றி. பைப் பிடிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை நாக்குக் கடி: சூடான ஆவியும் புகையின் காரத்தன்மையும் சேர்ந்து நாக்கின் மேல்தோலைப் புண்ணாக்கும். கடியையும் தொண்டை வறட்சியையும் தனிச் செய்முறையால் நீக்கிவிட்டதாக அந்த நிறுவனம் அறிவித்தது. 1907 ஜூலை 30 என்ற காப்புரிமைத் தேதியை டப்பாவிலேயே அச்சிட்டது. இளவரசரின் உருவம் உயர்குடிப் பெருமையைத் தந்தது, காப்புரிமைத் தேதி அறிவியலின் நம்பிக்கையைத் தந்தது, பத்து சென்ட் போன்ற எளிய விலை எல்லாருடைய கைக்கும் அதைக் கொண்டுசேர்த்தது. தொழிலாளியின் சட்டைப் பையில் ஓர் இளவரசர் இருப்பார் என்ற வாக்குறுதி அந்தச் சிறு டப்பாவுக்குள் இருந்தது. இதைவிடச் சிக்கனமாக ஒரு கனவை அச்சிட்ட தகரத்தை நான் வேறு பார்த்ததில்லை.

பின்னர் வானொலி வந்தது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலிருந்து ஒலிபரப்பான கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாட்டுப்புற இசை நிகழ்ச்சியின் அரைமணி நேரப் பகுதியை 1939 முதல் என்பிசி என்ற வானொலி நிறுவனம் நாடு முழுவதும் ஒலிபரப்பியபோது, அதற்குப் பணம் கொடுத்தது பிரின்ஸ் ஆல்பர்ட். சனிக்கிழமை இரவு வீட்டார் எல்லாரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்த வேளையில் இசையோடு இசையாக இந்தப் பெயரும் காதில் விழுந்தது. சிறுவர்கள் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, டப்பாவில் பிரின்ஸ் ஆல்பர்ட் இருக்கிறாரா என்று கேட்டு, இருக்கிறார் என்ற பதில் வந்ததும் அவரை வெளியே விட்டுவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிடும் குறும்பு தலைமுறை தலைமுறையாக நடந்தது. புகையிலைக்கும் இந்தக் குறும்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்த டப்பாவைப் பார்த்ததும் இன்று எழுபது வயதுக்காரரின் முகம் மலர்வதற்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

பைப்பை ஒடுக்கிய பொருளும் இதே நிறுவனத்திலிருந்துதான் வந்தது. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜேம்ஸ் பியூக்கானன் டியூக்கின் அமெரிக்கன் டொபாக்கோ என்ற ஏகபோகத்தைக் கலைத்தபோது ரெய்னால்ட்ஸ் தனி நிறுவனமாக வெளியே வந்தது. பைப் புகையிலையில் கற்ற பாடத்தை, அதாவது சாறு ஊட்டிய பர்லி மக்களின் நாக்குக்கு இதமாக இருக்கிறது என்ற அறிவை, அது சிகரெட்டுக்குள் புகுத்தி 1913இல் கேமல் என்ற பெயரில் விற்றது. அடைக்கவும் அமுக்கவும் மறுபடி மறுபடி பற்றவைக்கவும் வேண்டிய பைப், சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிகரெட்டிடம் படிப்படியாகத் தோற்றது. அதன் பிறகுதான் பைப் விளம்பரங்களில் நிதானம் என்ற பண்பு முதன்மை பெறுகிறது. பைப்பே பரவலான பழக்கமாக இருந்த நாளில் அது மெதுவானது என்று எவரும் பாராட்டவில்லை. வேகமான ஒன்று பக்கத்தில் வந்து நின்ற பிறகே மெதுவானது ஒரு குணமாக விற்கப்பட்டது. கணப்பின் அருகே நாற்காலி, காலடியில் நாய், மடியில் புத்தகம், வாயில் பைப் என்று நாம் இன்று ஏக்கத்தோடு பார்க்கும் படங்களில் பல, அவை வெளியான நாளிலேயே ஏக்கத்தை விற்பதற்காக வரையப்பட்டவை. பழைய விளம்பரங்கள் மீதான இன்றைய ஏக்கம் ஏக்கத்தின் மீதான ஏக்கம் என்று நான் கருதுவது இதனால்தான்.

பிரிட்டனில் கதை சற்று வேறு. நாட்டிங்காமின் ஜான் பிளேயர் நிறுவனம் 1883இல் தாடி வைத்த மாலுமியின் தலையை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. 1888இல் உயிர்காப்பு வளையம் சேர்ந்தது. 1891இல் இரண்டும் ஒன்றாகி, வளையத்துக்குள் மாலுமி, பின்னால் இரண்டு கப்பல்கள் என்ற புகழ்பெற்ற படம் உருவானது. அவர்கள் விற்ற நேவி கட் என்பது ஒரு வெட்டு முறையின் பெயர். கடலோடிகள் இலையைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்து, தேவைக்கேற்ப மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொள்வது வழக்கம். அதைப் பின்பற்றி, அழுத்திக் கட்டியாக்கிய புகையிலையைச் சீவி விற்றார்கள். 1901இல் பிரிட்டிஷ் சந்தைக்குள் நுழைந்த டியூக்கின் படையெடுப்பை எதிர்க்கப் பிரிட்டனின் பதின்மூன்று புகையிலை நிறுவனங்கள் சேர்ந்து இம்பீரியல் டொபாக்கோவை அமைத்தபோது பிளேயரும் பிரிஸ்டலின் வில்ஸும் ஒரே குடும்பமாயின. அடுத்த ஆண்டு இரு தரப்பும் சமாதானமாகி, பிற நாடுகளின் சந்தைக்கென்று பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவைத் தொடங்கின. 1910இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா பின்னாளில் ஐடிசி ஆனது. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் வில்ஸ் நேவி கட் என்று கேட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர், அந்தப் பெயர் பைப் புகையிலையைக் கத்தியால் சீவும் முறையைக் குறித்தது என்று அறிந்திருப்பார்கள்? பொருள் உதிர்ந்த பின்னும் பெயர் ஊர் விட்டு ஊர் வந்து நிலைத்துவிட்டது.

பிரிட்டிஷ்காரர்களின் ஏக்கத்தில் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்கு இருப்பதற்குச் சட்டத்தில் இருந்த ஓர் இடைவெளி காரணம். 1964 ஜனவரியில் வெளியான அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கை, சிகரெட்டை நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகச் சுட்டியது. அதே அறிக்கை பைப்பை உதட்டுப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தினாலும், பைப் பிடிப்பவர்களின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களுடையதைவிடப் பெரிதாக உயர்ந்திருக்கவில்லை என்றும் எழுதிவிட்டது. சிகரெட்டை விட்டவர்கள் பலர் பைப் வாங்கினார்கள். 1965 ஆகஸ்டில் பிரிட்டன் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்தபோது பைப் புகையிலைக்கும் சுருட்டுக்கும் விலக்கு இருந்தது. அந்த விலக்கு 1991 வரை நீடித்தது. கான்டர் என்ற புகையிலையின் விளம்பரங்கள், அன்றாடப் பரபரப்பின் நடுவே மனம் இளைப்பாறும் நொடிக்குக் கான்டர் தருணம் என்று பெயர் சூட்டி மக்கள் பேச்சில் நிறுத்தியது இந்தக் காலத்தில்தான். சிகரெட் விளம்பரங்கள் கறுப்பு வெள்ளையோடு மறைந்துபோக, பைப் விளம்பரங்கள் வண்ணத் தொலைக்காட்சியில் கால் நூற்றாண்டு வாழ்ந்தன. இன்று ஐம்பதுகளில் இருக்கும் ஆங்கிலேயர் ஒருவர் குழந்தைப் பருவத்தில் பார்த்த புகையிலை விளம்பரம் என்று எதையாவது நினைவுகூர்ந்தால், அது பைப்பாகவோ சுருட்டாகவோ இருப்பது தற்செயல் அல்ல.

அதே 1965இல், ஆண்டின் சிறந்த பைப் பிடிப்பாளர் என்ற விருதைப் பிரதமர் ஹெரால்ட் வில்சன் பெற்றார். பொதுமேடைகளிலும் தொலைக்காட்சியிலும் பைப்பைக் கையில் பிடித்தபடி தோன்றிய அவர், தனிமையில் சுருட்டையே விரும்பினார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பைப் என்றால் பொறுமை, நம்பகம், சாமானிய மனிதருக்கு நெருக்கம் என்று விளம்பரங்கள் அரை நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த மதிப்பை அரசியல்வாதி ஒருவர் எடுத்துச் செலவழித்த சான்று இது. 2003இல் நடிகர் ஸ்டீபன் ஃப்ரைக்கு வழங்கப்பட்டதோடு அந்த விருது நின்றது. புகையிலை விளம்பரத்தை முற்றாகத் தடுக்கும் 2002ஆம் ஆண்டின் சட்டத்துக்கு விருதும் உட்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம்.

விளம்பரம் காட்டாமல் விட்டவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சர்க்கரை மிகுந்த மஞ்சள் வர்ஜீனியா இலையைக் கரியின் வெப்பத்தில் பாடம் செய்யும் முறையை 1839இல் வட கரோலினாவின் காஸ்வெல் மாவட்டத்தில் கண்டறிந்தவராகப் பெயர் சொல்லப்படுபவர் ஸ்டீபன் ஸ்லேட் என்ற அடிமை. இளவரசருக்கும் மாலுமிக்கும் தகரத்தில் இடம் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. நோயும் அப்படியே மறைந்திருந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, பைப் மட்டுமே பிடித்தவர்களுக்கும் நுரையீரல், வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கணையம் ஆகியவற்றின் புற்றுநோயாலும் இதய நோயாலும் இறக்கும் அபாயம் கூடுதல் என்று காட்டியது. சிகரெட்டைவிட அபாயம் குறைவு என்பது உண்மை. அபாயம் இல்லை என்பது 1964இன் மயக்கம். தாத்தாவின் மணத்தை நினைத்து உருகுகிறவர்களில் பலருக்கு, அந்தத் தாத்தா எப்படி இறந்தார் என்பதும் தெரியும். இரண்டு நினைவுகளும் ஒரே மனத்தில் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. இந்த ஏக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை மென்று விழுங்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

இதுவரை சொன்னது மணத்தையும் படத்தையும் பற்றி. பைப் பிடிப்பவர்கள் தங்களுக்குள் பேசும் ஏக்கம் வேறு வகை. அது இலையைப் பற்றியது, அதில் நியாயமும் இருக்கிறது. சில புகையிலைகள் மெய்யாகவே இல்லாமல் போய்விட்டன. சிரியாவின் லட்டாகியா துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய இலை, விறகுப் புகையில் நெடுநாள் ஊறவைத்துக் கருக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் குடில்களில் புகைபோட்டுப் பதப்படுத்தும் இலையோடு இதற்கு முறையளவில் உறவு உண்டு. காடழிவு சிரியாவில் அந்தத் தொழிலை முடக்கியது. இன்று லட்டாகியா என்று விற்கப்படுவது பெரும்பாலும் சைப்ரஸ் இலை. விதையும் வேறு, புகைபோடும் செடிகளும் வேறு, மணமும் வேறு. லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் பீப்பாய்களில் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரிக், ஒரு கட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவு விவசாயிகளிடம் சுருங்கியது. கிளாஸ்கோவின் பெல் நிறுவனம் உருவாக்கிய திரீ நன்ஸ் என்ற புகழ்பெற்ற கலவையில் ஒரு காலத்தில் பெரிக் இருந்தது. பின்னர் அந்த இடத்துக்குக் கென்டக்கி இலை வந்தது. டப்பாவில் மூன்று கன்னியாஸ்திரிகள் மட்டும் மாறாமல் நிற்கிறார்கள்.

இப்படிப் பெயர் நிலைத்துப் பொருள் மாறிய கதைகளில் டன்ஹில்லின் கதை நீளமானது. ஆல்பிரட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கலவை செய்து, அதற்கு ஓர் எண்ணும் கொடுத்துப் பேரேட்டில் எழுதிவைத்தார். அப்படிப் பிறந்த 965 என்ற எண் உலகம் முழுவதும் விற்கும் சரக்கின் பெயரானது. தயாரிப்பு 1980களில் பெல்ஃபாஸ்டுக்கும், பின்னர் டென்மார்க்குக்கும் போனது. ஒவ்வொரு இடமாற்றத்தின்போதும் பழைய சுவை போய்விட்டது என்று புலம்பல் எழுந்தது. 2018இல் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை நின்றது. 2019இல் அதே கலவைகள் பீட்டர்சன் என்ற பெயரில் திரும்பி வந்தன. இங்கே கலவை நிலைத்துப் பெயர் போனது. அந்தக் கலவையும் தாத்தா பிடித்த கலவைதானா என்று கேட்டால், நேர்மையாக ஆம் என்று சொல்ல ஒருவராலும் முடியாது. இலை ஒவ்வோர் ஆண்டும் மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும் பயிர் என்பதே அடிப்படைக் காரணம்.

கான்சஸ் சிட்டியின் மெக்லெலண்ட் நிறுவனம் 2018இல் கடையை மூடியபோது சொன்ன காரணம் இந்த வகையில் மனத்தைத் தொடுவது. தாங்கள் விரும்பும் தரத்தில் சிவப்பு வர்ஜீனியா இலை இனிக் கிடைக்கவில்லை என்றார்கள். திறந்தவுடன் தக்காளிச் சாஸைப் போலப் புளிப்பாக மணக்கும் அவர்களுடைய டப்பாக்கள் மறுவிற்பனையில் பல மடங்கு விலைக்குப் போகின்றன. 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பைப் புகையிலையையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும், இருப்பதை இப்போதே வாங்கிச் சேர்த்துவிட வேண்டும் என்ற பதற்றத்தைக் கூட்டியது.

சேர்த்துவைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. காற்றுப் புகாமல் மூடிய டப்பாவில் வர்ஜீனியா இலையின் சர்க்கரையும் பிற கூறுகளும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வினைபுரிந்து கூர்மையை இழந்து இணக்கமாகின்றன; நிறம் கருக்கிறது. லட்டாகியாவின் புகைமணமோ அதே காலத்தில் மங்கிக்கொண்டே போகும். ஆகவே நாற்பது ஆண்டுக்கு முந்தைய டப்பாவைத் திறப்பவர், அன்றைய கடைக்காரர் விற்ற புகையிலையைப் பிடிப்பதில்லை. அன்று எவரும் பிடித்திராத ஒன்றை, காலம் தயாரித்த ஒன்றை, முதன்முதலாகப் பிடிக்கிறார்.

பழைய டப்பா வாங்குகிறவர்கள் அதனால்தான் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை; ஓரங்களைப் பார்க்கிறார்கள். சதுர டப்பாக்களின் மூலையில் அடைப்பு எளிதாக விட்டுக்கொடுக்கும். வட்ட டப்பாக்களில் துரு உள்ளிருந்து வெளியே அரிக்கும். ஊசிமுனை அளவு துளை விழுந்தால் போதும், உள்ளே இருப்பது சில ஆண்டுகளில் தூளாகிவிடும். அனுபவசாலிகள் டப்பாவைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பார்ப்பார்கள். ஈரம் இருக்கும் புகையிலை ஒட்டிக்கொண்டு மந்தமாக நகரும். காய்ந்துபோனது சருகைப் போலச் சலசலக்கும். சலசலத்தால் விலை பாதியளவுக்கும் கீழே இறங்கும். அப்போதும் அதை வாங்கிக்கொண்டு போக ஒருவர் இருப்பார். அவருக்கு வேண்டியது தகரத்தின் மேலே நிற்கும் இளவரசர்.